யாரும் தொடாத மோர்

அத்தியாயம் பதினொன்று

போன வாரம், எங்கள் ஓடைக்கரையில் இன்னொரு குடும்பம் வந்து இறங்கிய இடத்தில் நிறுத்தினேன். அவர்களுக்கு வீடு எழுப்ப அண்ணன் நாளும் குறித்துவிட்டான். அந்த நாளை எழுதாமல் சில வாரங்களாக வேறு கதைகளைச் சொல்லி ஒப்பேற்றிக்கொண்டிருந்தேன். இனி முடியாது.

நடுவில் படிக்க வந்தவர்களுக்காக நாலு வரி. என் அண்ணன் அமாசா ப்ரூயிட்டும் அண்ணி தர்ஸாவும் கல்யாணமான கையோடு கென்டக்கி மலையை விட்டு, ஒஹையோ ஆற்றைத் தாண்டி, இந்தியானாக் காட்டுக்கு வந்தவர்கள். தாய் தகப்பன் இல்லாத என்னையும் வண்டியில் ஏற்றிக்கொண்டார்கள். மல்பெரி ஓடைக்கரையில் மரத்தைச் சாய்த்து, வேரைத் தோண்டி, மக்காச்சோளம் போட்டார்கள்.

முதல் குழந்தை சைலஸ் இரண்டாவது குளிர்காலத்தில் போய்விட்டான். குழி தோண்ட அண்ணன், துணி சுற்ற அண்ணி, வேதம் வாசிக்க நான். நாலாவது ஆள் கிடையாது. ஓடைக்கு மேலே யவுண்ட் குடும்பம் இருந்தது. ஆனால் பனி அடைத்துவிட்டால் அவர்களும் இல்லாத மாதிரிதான்.

அன்று முதல் அண்ணனுக்கு ஒரே பைத்தியம். பக்கத்தில் மனிதர்கள் வேண்டும். இன்னும் சில வீடுகள் எழும்பினால் மாவு மில் வரும், குதிரையில் சுற்றும் பிரசங்கியார் வருவார், செத்தால் தூக்க ஆள் இருக்கும். வழியில் எந்த வண்டியைப் பார்த்தாலும் போய்ப் பேசி இழுத்துவர முயற்சி செய்வான். அப்படி வந்தவர்கள்தான் ஹைரம் ஸ்டால்கப்பும் அவன் மனைவி கெரனும். கெரன் மடியில் நாலு மாத ஆண் குழந்தை. எங்கள் ஹல்டாவுக்கு அப்போது எட்டு மாதம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒஹையோவைத் தாண்டிய நாளிலிருந்து ஒரு வார்த்தை எங்கள் காதில் விழுந்துகொண்டே இருந்தது. பால்நோய். மாடு காட்டில் எதையோ தின்கிறது, அதன் பாலைக் குடித்தவர்கள் சாகிறார்கள். அதற்கு மேல் யாரும் சொல்லமாட்டார்கள். எந்த ஊரில் கேட்டாலும், “எங்க ஓடையில கிடையாதும்மா, அடுத்த ஓடையில இருக்கறதா கேள்வி” என்பார்கள். அடுத்த ஓடைக்குப் போனால் அதற்கும் அடுத்த ஓடை.

அண்ணி சிரிப்பாள். “பாரு வினி, அது நமக்கு முன்னாலயே ஓடிக்கிட்டிருக்கு. நம்ம மாட்டுக்கு அந்த வேகம் இருந்தா இந்நேரம் ஊர் போய்ச் சேர்ந்திருப்போம்.”

எங்களுக்கு முன்னால் அந்தக் காட்டில் வாழ்ந்த பூர்வகுடிகளுக்கு எந்தப் பள்ளத்தில் என்ன முளைக்கிறது என்று தெரிந்திருக்கும். அவர்களை அரசாங்கம் மேற்கே துரத்திவிட்டது. கேட்பதற்கு ஆள் இல்லை.

எங்கள் நிலத்தின் கீழ்க்கோடியிலும் ஒரு பள்ளம் உண்டு. நிழல் அடர்ந்தது. நாங்கள் வரும்போதே அதைச் சுற்றி வேலி இருந்தது. “பாம்புப் பள்ளம். ரெண்டு பேரும் அந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்காதீங்க” என்று அண்ணன் சொல்லியிருந்தான். வேலி இருந்தவரை நாங்களும் போனதில்லை.

அந்த வருஷம் செப்டம்பர் வந்தும் மழை இல்லை. வீடு எழுப்ப மரக்கட்டைகளை மேலே உருட்டவேண்டும், அதற்கு நீளமான கழிகள் வேண்டும். பக்கத்தில் இருந்தது பள்ளத்து வேலிதான். அதைப் பிரித்து எடுத்துவரச் சொன்னான் அண்ணன். வேலை முடிந்ததும் திருப்பி வைத்துவிடலாம், அதுவரை மாடு மேல்காட்டில்தானே மேய்கிறது என்றான்.

மேல்காட்டில் புல் கருகிப்போனதை மாடு வந்து அவனிடம் சொல்லவில்லை.

அன்று காலை பால் கறக்கப் போனேன். எங்கள் செவலைப் பசுவுக்குப் பெயர் சூக்கி. அதன் கன்று, கயிற்றை அவிழ்ப்பதற்குள் என் கையைத் தள்ளிக்கொண்டு பாயும் சாதி. அன்றைக்கு எழுந்து நாலடி வைத்ததும் நின்றுவிட்டது. முன்னங்கால்கள் நடுங்கின. குளிர் நடுக்கம் மாதிரி இல்லை, உள்ளிருந்து யாரோ பிடித்து உலுக்குவது மாதிரி. அப்படியே முட்டி மடங்கி உட்கார்ந்துவிட்டது. சூக்கி ஒன்றும் தெரியாததுபோல அசை போட்டுக்கொண்டிருந்தது.

கறந்த வாளியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் போனேன். அண்ணி அடுப்பின் முன் குந்தி ரொட்டியைத் திருப்பிக்கொண்டிருந்தாள்.

“அண்ணி, கன்னுக்குட்டிக்கு என்னமோ ஆயிடுச்சு. காலு நடுங்குது.”

“எனக்கும்தான் நடுங்குது. என்னை யாரு பாக்கறா?”

“விளையாடாதீங்க அண்ணி.”

“நான் எங்கடி விளையாடறேன்? ஊர் பூரா சாப்பிட வருது, முந்தாநாள்லேருந்து நின்னுக்கிட்டே சுடறேன். இந்தக் காலு இரும்பா என்ன?” எழுந்திருக்கச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். “ரொட்டியக் கண்டாலே குமட்டுது. பால் ஒண்ணுதான் இறங்குது.”

“அப்ப கொஞ்சம் படுங்க.”

“படுத்தா உங்க அண்ணன் மோர் கடைவாரா? புள்ளைக்குக் குடுக்கறவ குடிக்கத்தான் வேணும்” என்று வாளியில் குடுவையை விட்டு மொண்டு குடித்தாள். எனக்கு நீட்டினாள். நான் முகத்தைத் திருப்பினேன். பால் என்றால் எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஆகாது.

“பால் குடிக்காத பொண்ண எந்தக் குடியானவன் கட்டுவான்? கடைசி வரைக்கும் என் தலையிலதான் உக்காரப் போற” என்று என் கன்னத்தை இடித்தாள். குனிந்தபோது அவள் மூச்சில் ஒரு வாடை அடித்தது. பெட்டியின் அடியில் மறந்துபோன ஆப்பிளின் வாடை.

அண்ணன் கோடாரியோடு உள்ளே வந்தான். அவ்வளவு சந்தோஷமாக அவனை நான் பார்த்து நாளாயிற்று. ரொட்டி ஒன்றை எடுத்து வாயில் திணித்துக்கொண்டான்.

“ஆளுங்க வந்தாச்சு தர்ஸா. பொழுது சாயறதுக்குள்ள கூரை ஏறிடும், பாத்துக்கிட்டே இரு.”

“ஒரு குடுவை மோர் குடிச்சிட்டுப் போங்க மிஸ்டர் ப்ரூயிட்.” அண்ணி அவனை எப்போதும் அப்படித்தான் கூப்பிடுவாள். எங்கள் பக்கத்தில் மரியாதையுள்ள மனைவிகள் எல்லோரும் அப்படித்தான்.

“வேணாம். வயிறு சரியில்ல.” தண்ணீரைக் குடித்துவிட்டுப் போய்விட்டான்.

“ஆகஸ்ட் பொறந்தா உங்க அண்ணனுக்கு வயிறு கெட்டுடும்” என்றாள் அண்ணி. “நம்ம சமையல் லட்சணம்.”

ஸ்டால்கப் வீடு எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் எழும்பிக்கொண்டிருந்தது. மூலைக்கு ஒருவனாக நாலு பேர் சுவர்மேல் உட்கார்ந்து கட்டைகள் ஒன்றில் ஒன்று பொருந்தக் காடி வெட்டினார்கள். மற்றவர்கள் கழிகளின்மேல் கட்டையை உருட்டி மேலே தள்ளினார்கள். விஸ்கி ஜாடி சுற்றிச் சுற்றி வந்தது.

பெலெக் யவுண்ட் கிழவர் கீழே நின்றபடி தன் மகனை வறுத்துக்கொண்டிருந்தார். “டேய், நீ வெட்டற காடிக்குள்ள எலி குடும்பம் நடத்தலாம்டா! பேரன் பேத்தியே எடுத்துடும்!”

“எலியும் நம்ம ஊருக்கு வரட்டுமே மாமா, ஆள் கூடினா சரி!” என்று அண்ணன் மேலிருந்து கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள்.

பெலெக் மாமாவின் மனைவி டார்கஸ் அத்தை, அவித்த பீன்ஸ் பானையோடு எங்கள் முற்றத்துக்கு வந்தாள். கொட்டகைப் பக்கம் பார்த்தவள் அப்படியே நின்றாள். கன்று இப்போது பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது.

“எப்பலேருந்து?” என்றாள்.

“இன்னிக்குக் காலையிலதான் பாத்தேன் அத்தை.”

“மாடு எங்க மேயுது?”

“கீழ்ப் பள்ளத்துல. அங்க மட்டும்தான் பச்சையா இருக்கு. பாம்பு பாம்புன்னாங்க, ஒண்ணையும் காணோம்.”

பானையை இறக்கிவைத்தாள். கையை ஏப்ரனில் துடைத்தாள், மறுபடியும் துடைத்தாள்.

“வெயிலு” என்றாள். “கன்னுக்கு வெயில் தாங்காது. வேற ஒண்ணும் இல்ல. நீ போய் அடுப்பப் பாரு.”

போகிறாளா என்று பார்த்தேன். நேராகப் பெலெக் மாமாவிடம் போய்க் காதோடு ஏதோ சொன்னாள். அவர் நிமிர்ந்து சுவர்மேல் இருந்த அண்ணனைப் பார்த்தார். ஆனால் கூப்பிடவில்லை. அடுத்த கட்டையை உருட்டச் சொல்லிக் குரல் கொடுத்தார்.

மத்தியானம் மரத்தடியில் பலகை போட்டுச் சாப்பாடு. உப்புப் பன்றிக்கறி, பீன்ஸ், ரொட்டி, காய்ந்த ஆப்பிள் போட்ட பணியாரம். நடுவில் அண்ணி கடைந்த மோர், மண்ஜாடி நிறைய. வெண்ணெய் உருட்டி ஈர இலைமேல் வைத்திருந்தாள். வறண்ட காலத்தில் அவ்வளவு வெண்ணெய் வைப்பது பெருமைக்குரிய காரியம்.

ஜாடியைத் தூக்கிக்கொண்டு முதல் ஆளிடம் போனாள்.

“வேணாம்மா. விஸ்கி மேல மோர் ஒத்துக்காது.”

அடுத்தவன், “பல்லு கூசுது” என்றான்.

“மோர்ல பல்லு கூசுதா? நான் என்ன பனிக்கட்டியா ஊத்தறேன்?”

சிரித்தார்கள். ஆனால் குடுவையை நீட்டவில்லை. டார்கஸ் அத்தை ரொட்டியை வெறுமனே மென்றுகொண்டிருந்தாள். யவுண்ட் மகன்கள் தட்டிலிருந்து கண்ணெடுக்கவில்லை. வெண்ணெய் உருட்டிவைத்தபடியே இருந்தது.

ஹைரம் ஸ்டால்கப் மட்டும் குடுவையை நீட்டினான். ஒரே மூச்சில் குடித்து மீசையைத் துடைத்தான். “அம்மா, இதுக்காகவே இங்க குடியிருக்கலாம். கெரன், நீயும் குடி வா.”

கெரன் அதுவரை வண்டியில் இருந்து குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தவள். இடுப்பில் பிள்ளையோடு இறங்கி வந்து பலகையில் உட்கார்ந்தாள். அண்ணி அவளுக்கும் ஒரு குடுவை ஊற்றிக் கொடுத்தாள்.

கொடுத்துவிட்டு நகரவில்லை. ஜாடியை இடுப்பில் அணைத்தபடி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். அவளுக்கு என்ன ஞாபகம் வந்ததென்று எனக்குத் தெரியும். எனக்கும் அதேதான் வந்தது. எங்கள் வீடு எழும்பியதும் ஒரு செப்டம்பரில்தான். அன்றும் இவர்கள் எல்லோரும் வந்தார்கள், சிரித்தார்கள், கூரை ஏற்றிக் கொடுத்தார்கள். அன்றும் அண்ணி கடைந்த மோர் அப்படியே மிஞ்சியது. இரவெல்லாம் வருத்தப்பட்டாள், கென்டக்கிக்காரி கைப்பக்குவம் இவர்களுக்குப் பிடிக்கவில்லை போல என்று.

“பெலெக் மாமா” என்றாள். “கேக்கறேன், நேரா சொல்லுங்க. என் மோர்ல என்ன?”

கிழவர் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் தன் தட்டைப் பார்த்தான். அவன் முன்னால் இருந்தது தண்ணீர்.

“மிஸ்டர் ப்ரூயிட், உங்க வயிறு எந்த மாசம் சரியாகும்?”

“தர்ஸா, ஆளுங்க சாப்பிடறாங்க. அப்புறம் பேசலாம்.”

“நானே சொல்றேன். மொதப் பனி விழுந்த அன்னிக்கு சரியாயிடும். வருஷா வருஷம் அன்னிக்குத்தான் பாலு கேப்பீங்க. நானும் குளிருக்குக் கேக்கறீங்கன்னு சுட வச்சுக் குடுப்பேன்.”

கெரன் ஒன்றும் புரியாமல் குடுவையை உதட்டுக்குக் கொண்டுபோனாள்.

அண்ணி பாய்ந்து அதைத் தட்டிவிட்டாள். மோர் கெரன் மடியிலும் பிள்ளைமேலும் சிதறியது. பிள்ளை வீறிட்டது.

“குடிக்காதே! துப்பு! வாய்க்குள்ள போச்சா? சொல்லுடி, போச்சா?”

“இல்ல… போகல…”

“பால்நோய்” என்றாள் அண்ணி. அந்த வார்த்தை அந்தக் கரையில் முதல் தடவையாகச் சத்தமாகச் சொல்லப்பட்டது. “இந்த ஓடையில பால்நோய் இருக்கு.”

மேல் ஓடைக்காரன் ஒருவன் எழுந்தான். “வாய மூடும்மா! எங்க ஓடையில அதெல்லாம் கிடையாது!”

“எங்க இருக்கு? அடுத்த ஓடையிலயா?” ஜாடியை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். “அப்ப குடி. உன் ஓடை மோருதானே? குடிச்சுக் காட்டு, நான் உன் கால்ல விழறேன்.”

அவன் உட்கார்ந்துவிட்டான்.

அண்ணி ஜாடியைத் தரையில் கவிழ்த்தாள். வெண்ணெயை இலையோடு எடுத்து வீசினாள். நாய் ஒன்று அதன் பக்கம் போனது. பெலெக் மாமா கல்லை விட்டெறிந்து அதைத் துரத்தினார். அதற்கு மேல் யாரும் சாட்சி சொல்லவேண்டியதில்லை.

ஹைரம் வெளிறிப்போயிருந்தான். “நான் குடிச்சிட்டேனே…”

“ஒரு குடுவைதானே” என்றாள் டார்கஸ் அத்தை. “ஒரு குடுவை ஒண்ணும் பண்ணாது. அநேகமா.”

“அநேகமாவா?” ஹைரம் அண்ணன் பக்கம் திரும்பினான். “வழியில போனவன வண்டியோட நிறுத்தி, தங்கமான மண்ணுன்னு கூட்டிட்டு வந்தியேய்யா! என் பொண்டாட்டி, புள்ள…”

அண்ணன் அவனைப் பார்க்கவில்லை. அண்ணியைத்தான் பார்த்தான்.

“வேலி இருந்துச்சு தர்ஸா. சத்தியமா வேலி இருந்துச்சு. வந்த வருஷமே மாமா எனக்குச் சொல்லிட்டாரு, அந்தப் பள்ளத்துல மட்டும் மாட்ட விடாதேன்னு. நான் ஒரு கழி சாஞ்சாலும் ஓடிப்போய் நிமித்தினேன். இத்தன வருஷத்துல ஒண்ணும் ஆகலையே. மழ இல்லாம மாடு கீழ இறங்கும்னு தோணல எனக்கு.”

“என்கிட்ட ஏன் சொல்லல?”

“சொன்னா நீ பேசுவ. வர்றவங்ககிட்ட சொல்லாம இருக்க உன்னால ஆகாது. ஒரு தடவ பேர் வெளிய போச்சுன்னா இந்தப் பக்கம் ஒரு வண்டி திரும்பாது.” அவன் குரல் உடைந்தது. “சைலஸ நாம ரெண்டு பேரும் தூக்கிட்டுப் போனோமே, மறந்துட்டியா? உறைஞ்ச மண்ண என்னால ஆழமாக்கூட வெட்ட முடியல. இன்னொரு தடவ அப்படி வேணாம்னுதான்…”

அந்த இடத்தில் அண்ணி அழுவாள் என்று நினைத்தேன். எப்போது சைலஸ் பேரைச் சொன்னாலும் அழுகிறவள். அன்று அழவில்லை.

“அமாசா” என்றாள். என் காதுக்கு அவள் அவனைப் பேர் சொல்லி அழைத்தது அதுதான் முதல் தடவை. “உன் வேலிய நம்பி எனக்கு அந்தப் பாலைக் குடுத்த. உன் வாய்க்கு மட்டும் நீ வேலிய நம்பல.”

இன்றுவரை அதற்கு ஒரு பதிலை அவனுக்காக நான் தேடியிருக்கிறேன். வேண்டுமென்று செய்கிறவன் இல்லை என் அண்ணன். பயந்தவன். பயந்தவன் தனக்குத்தான் முதலில் பயப்படுகிறான்.

சாப்பாடு அப்படியே நின்றுபோனது. ஆட்கள் கோடாரிகளைப் பொறுக்கிக்கொண்டு ஒவ்வொருவராக நழுவினார்கள். போகும்போது ஒருவன், “ஒரு பொம்பள வாயால ஓடையே போச்சு” என்றது எனக்குக் கேட்டது. ஸ்டால்கப் வீடு மார்பளவு சுவரோடு நின்றது. ஹைரம் எருதுகளை நுகத்தில் பூட்டத் தொடங்கிவிட்டான்.

டார்கஸ் அத்தை மட்டும் போகவில்லை. அண்ணி பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நடக்கப் பார்த்தவள் ஒரு அடியில் மடங்கி உட்கார்ந்துவிட்டாள். கன்று உட்கார்ந்த மாதிரியே.

அத்தை அவள் முகத்தருகே குனிந்து, “வாயத் திற. ஊது” என்றாள்.

அண்ணி ஊதினாள்.

டார்கஸ் அத்தை கண்ணை மூடிக்கொண்டாள். “எத்தன நாளா குடிக்கற?”

“வேலி எடுத்ததுலேருந்துதான் இருக்கும். இந்த ரெண்டு நாளா வேற ஒண்ணும் இறங்கல, அதையேதான் குடிச்சேன்.”

“எங்களுக்கு நீ சொல்லியிருக்கலாமே அத்தை” என்றேன். “காலையிலயே தெரிஞ்சுதே உனக்கு!”

“தெரிஞ்சுது” என்றாள் அத்தை. பிறகு அண்ணியின் தோளைப் பிடித்தாள். “தர்ஸா, நான் சொல்றத இப்பயாவது கேளு. புள்ளைக்கு இனிமே நீ குடுக்கக் கூடாது. மாட்டுலேருந்து உனக்கு வந்த மாதிரி உன்கிட்டேருந்து அதுக்குப் போகும். என் தங்கச்சி வீட்டுல பாத்தேன்.”

அண்ணி முகம் மாறியதை அப்போதுதான் பார்த்தேன். தன்னைப் பற்றிக் கேட்டபோது மாறாத முகம்.

“காலையில குடுத்தேனே” என்றாள். “இப்பக்கூட, சமைக்கறதுக்கு நடுவுல…”

“புள்ள நல்லாத்தான் இருக்கு. கையக் கால உதைக்குது பாரு. இதோட நிறுத்திடு.”

“நிறுத்திட்டு? எதக் குடுக்கறது? உங்க மாட்டுப் பால்?”

“எங்க மாட்டுப் பால, பனி விழுந்து காட்டுப் பச்சையெல்லாம் கருகறவரைக்கும் நாங்களே தொடறதில்ல.”

“கஞ்சித்தண்ணி?”

அத்தை ஓடை மேட்டைத் திரும்பிப் பார்த்தாள். அங்கே யவுண்ட் வீட்டுக் கல்லறைகள் இருக்கின்றன, சின்னக் கல்லாக ஒரு வரிசை, கஞ்சித்தண்ணீரில் தங்காத பிள்ளைகள். எங்கள் மூன்று பேருக்கும் அது தெரியும்.

மல்பெரி ஓடையில் பிள்ளைக்குப் பால் கொடுக்கிற பெண் அண்ணியைத் தவிர ஒருத்திதான் இருந்தாள். அவள் வண்டியில் ஏறிக்கொண்டிருந்தாள்.

அண்ணி, “ஹல்டாவக் கொண்டா” என்றாள். நிழலில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தையை எடுத்துவந்தேன். அதற்குள் அவள் பலகையைப் பிடித்து, பிறகு மரத்தைப் பிடித்து, பிறகு டார்கஸ் அத்தையின் கழுத்தைப் பிடித்து வண்டிவரை வந்துவிட்டாள். அண்ணன் தாங்கக் கையை நீட்டினான். அவள் அந்தக் கையைச் சுற்றிக்கொண்டு வந்தாள்.

“கெரன்” என்றாள். “உன்ன இந்தக் கொஞ்ச நாளாத்தான் தெரியும் எனக்கு. இருந்தாலும் கேக்கறேன்.”

மிச்சத்தை அவள் சொல்லவேண்டியிருக்கவில்லை. கெரனுக்குப் புரிந்துவிட்டது. ஹைரமுக்கும் புரிந்தது.

“வேணாம் கெரன்” என்றான். “நமக்கே போக்கிடம் தெரியல. இந்த ஆளு வீட்டுப் புள்ளையை நாம ஏன் சுமக்கணும்?”

“அந்த அம்மா தட்டிவிடலேன்னா இப்ப நம்ம புள்ளைய யாரு சுமக்கறது?” கெரன் பெரிய பேச்சுக்காரி இல்லை. பத்தொன்பது வயதுகூட இருக்காது. வண்டியின் பின்பலகையில் உட்கார்ந்து, தன் பிள்ளையை ஒரு பக்கம் கிடத்திவிட்டுக் கையை நீட்டினாள். “குடுங்க. எனக்கு ரெண்டு பேருக்கு இருக்கு.”

நான் ஹல்டாவைக் கொடுத்தேன். அண்ணி முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

ஹல்டா முதலில் முரண்டுபிடித்தது. வேறு வாசனை. கத்தியது, முதுகை வில்லாக வளைத்தது. அந்தச் சத்தத்துக்கு அண்ணியின் சட்டை முன்பக்கம் நனைந்தது. அவள் இரண்டு கைகளையும் மார்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

பிறகு சத்தம் நின்றது.

“குடிக்கறாளா?” என்றாள் திரும்பாமலே.

“குடிக்கறா அண்ணி.”

“நல்லா குடிக்கறாளா?”

“மூச்சு விடாம குடிக்கறா.”

“ம்” என்றாள்.

ஹைரம் தாற்றுக்கோலால் மண்ணைக் குத்திக்கொண்டு நின்றான். கடைசியில், “வடக்கே புல்வெளிப் பக்கம் போறோம். அங்க காடு இல்ல, இந்தச் சனியனும் இருக்காது” என்றான். “மொதப் பனி விழுந்ததும் கொண்டுவந்து விட்டுடறேன். அதுக்கு மேல வாக்குக் குடுக்கமாட்டேன்.”

“அது போதும்” என்றாள் அண்ணி. பிறகு, “வினி, நீயும் ஏறு.”

“நானா?”

“கண் முழிச்சா தெரிஞ்ச மொகம் ஒண்ணாவது இருக்கணும் அவளுக்கு. அவ துணியெல்லாம் கொடியில இருக்கு, எடுத்துக்கோ. சிவப்புக் கம்பளியும்.”

“உங்கள யாரு பாத்துக்கறது?”

அண்ணி அப்போதுதான் அண்ணனைப் பார்த்தாள். வண்டிக்கு அந்தப் பக்கம் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான், வீட்டுக்கு வந்த அந்நியன் மாதிரி.

“இருக்காரே” என்றாள். “பாத்துக்கட்டும்.”

“நான் போகமாட்டேன் அண்ணி. உங்கள இப்படி விட்டுட்டு…”

“வினி.” என் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடியில் பலமே இல்லை. “எனக்கு நேரா நீ உக்காந்து அழுதா என் கால் சரியாயிடுமா? என் புள்ள கூடப் போ. போய், அவளுக்குப் பேச்சு வந்துச்சுன்னா என் பேரச் சொல்லிக் குடு. இவங்கள அம்மான்னு கூப்பிட்டுடப் போறா.” கடைசி வார்த்தையில் சிரிக்கப் பார்த்தாள். வேலைக்கு ஆகவில்லை.

கொடியிலிருந்து துணிகளை வாரினேன். கம்பளியை எடுத்தேன். அண்ணன் என் பின்னால் வந்து, “வினி, எதாவது சொல்லு” என்றான். அவன் கையைத் தொட்டேன், அவ்வளவுதான்.

வண்டி கிளம்பியது. கெரனுக்குப் பக்கத்தில் பின்பலகையில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தேன். ஹல்டா குடித்துவிட்டு, வாயோரம் வழிய, கண்ணை மலர்த்தி வந்த வழியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மரத்தடியில் அண்ணி எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். முகத்தைக் கண்டால் குழந்தை தாவும் என்று அப்படி. டார்கஸ் அத்தை தன் வெறும் பானையை எடுத்துக்கொண்டு மேட்டில் ஏறிக்கொண்டிருந்தாள். அண்ணிக்கு இரண்டடி தள்ளி அண்ணன் நின்றான். கைகள் இரண்டும் முன்னால் பாதி நீண்டிருந்தன, தொடலாமா என்று கேட்பது போல.

அவன் அவளைத் தூக்கினானா, தூக்க அவள் விட்டாளா என்று பார்ப்பதற்குள் வண்டி திரும்பியது. மரங்கள் மறைத்துவிட்டன.